சத்யபாமா என்று யாரும் இல்லை

அத்தியாயம் 9

போன வாரம், கோயில் அன்னதானப் பந்தியில் ஒரே மத்தியானத்தில் இருபது பேரைப் பிடித்தேன் என்று எழுதியிருந்தேன். பதினொரு பேர். மற்ற ஒன்பது பேர் பாயசத்துக்கு ‘இன்னும் கொஞ்சம்’ என்று தலையாட்டியவர்கள். அதையும் சம்மதமாக எடுத்துக்கொண்டது என் பெருந்தன்மை.

எதற்காகப் பிடித்தேன் என்பதைப் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். யாங்கோனில் பெற்றவர்கள் இல்லாமல் வேறொரு குடும்பத்தில் வளர்கிற பிள்ளைகளுக்காக, எங்கள் தின்கன்ஜூன் பேட்டையில் ஒரு சின்னச் சங்கம் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவர் வேண்டும். சம்பளம் கிடையாது. அவர் பிள்ளைக்குச் சொந்தமாக இருக்கக் கூடாது. வளர்க்கிற வீட்டுக்கு வேண்டியவராகவும் இருக்கக் கூடாது. பிள்ளையை அடிக்கடி போய்ப் பார்த்து, அது என்ன நினைக்கிறது என்று கேட்டு, சங்கத்தில் முடிவெடுக்கும் நாளில் அதை அப்படியே சொல்ல வேண்டும்.

அப்படியே. அந்த ஒரு சொல்லோடுதான் எனக்கு நாலு மாதமாகத் தகராறு.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களைவிட இதற்கு யார் பொருத்தம்? நேரம் கொட்டிக் கிடக்கிறது. வீட்டில் நம் பேச்சைக் கேட்க ஆள் இல்லை. ஆனால் உள்ளதைச் சொன்னால் எவன் வருவான்? எனவே ஆளுக்கு ஒன்று சொன்னேன். லான்மடாவில் முப்பத்தைந்து வருஷம் சட்டிபானைக் கடை வைத்திருந்த பீர் முகைதீன் பாயிடம், உட்கார மெத்தை நாற்காலி உண்டு என்றேன். சர்க்கரை வியாதிக்காரர் கணேஷ்குமாரிடம், பிள்ளை வளர்ந்து டாக்டராகி அவர் காலுக்குக் கட்டுப்போடும் என்றேன். எல்லோருக்கும் பொதுவாக, மதியச் சாப்பாடு என் வீட்டிலிருந்து வரும் என்றேன். அதை என் வீட்டுக்கு மட்டும் சொல்ல மறந்தேன்.

என் மைத்துனன் முரளிதரனிடம் ஒன்றுமே சொல்ல வேண்டியிருக்கவில்லை. துறைமுகக் கிடங்கில் காவல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வருஷத்துக்கு நாற்பது வார்த்தை பேசுவான். லீப் வருஷத்தில் நாற்பத்தொன்று. “வர்றியா?” என்றேன். எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டான்.

ஜூன் முப்பதாம் தேதி அந்தப் பதினொரு பேருக்கும் சங்க மண்டபத்தில் முதல் வகுப்பு. அதே மண்டபத்தில் மூன்று மணிக்கு, என் பொறுப்பில் இருக்கும் சிறுமி நிலாரின் காரியத்தை முடிவு செய்யும் கூட்டம். இரண்டிலும் நான்தான் கதாநாயகன். விடியற்காலையிலேயே குளித்து, புது லோன்ஜி கட்டி, மாப்பிள்ளை மாதிரி அடுப்படியில் வந்து உட்கார்ந்தேன்.

“உப்பு தூக்கலா இருக்கா?” என்று கேட்டாள் என் மனைவி புஷ்பலதா, மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் கிண்ணத்தை வைத்தபடி.

“கடல்ல பாதி இருக்கு.”

“என்ன பண்றது? இந்த உப்புச் சட்டியில கை விட்டா அளவே தெரிய மாட்டேங்குது. வாய் சின்னது. அஞ்சு குயவர்கிட்ட பேரம் பேசினவருக்கு வாய் அகலமா ஒண்ணு வாங்கத் தோணலையா?”

அடுப்பு மேடையில் இருந்தது அது. கைப்பிடி வைத்த, இரண்டு கைக்குள் அடங்குகிற மண் கூஜா. படகில் ஆறு தாண்டி, குயவர் ஊரான த்வாண்டேக்குப் போய், ஐந்து குயவர்களை மடக்கி, ஆறாவதாக ஒருவரை அழவைத்து அதை அவளுக்காக வாங்கிவந்ததாகச் சொல்லியிருந்தேன். நான் த்வாண்டேக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

அப்போது அதைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு நாள் முழுக்க அந்தக் கூஜாவைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

*

மழை விடாமல் பெய்தும் பதினொரு பேரும் வந்துவிட்டார்கள். மண்டபத்தில் பிளாஸ்டிக் முக்காலிகள் வரிசையாக இருந்தன. பீர் முகைதீன் பாய் குடையை மடக்கினார். முக்காலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“நல்லையா, மெத்தை எங்கப்பா?”

“வெயில்ல காயுது பாய்.”

“வெளிய மழை ஊத்துது.”

“அதான் இன்னும் காயல.”

சிரித்துவிட்டு உட்கார்ந்தார். இப்படித்தான் நான் எல்லாவற்றிலும் தப்பித்துவந்திருக்கிறேன்.

சங்கத்தை நடத்துகிற சயாமா டோ தன்டா பர்மியப் பெண்; சயாமா என்றால் டீச்சர். எங்கள் தெருக்களிலேயே வளர்ந்தவர். தமிழ் புரியும், ஆத்திரம் வந்தால் பேசவும் செய்வார். எல்லோருக்கும் வணக்கம் சொல்லி, “ஊ நல்லையா நாலு மாசமா நிலாரோட இருக்கார். பிள்ளைகிட்ட எப்படிப் பேசணும்னு அவரே காட்டட்டும்” என்றார். ‘ஊ’ என்பது பர்மியருக்கு நம் ‘திரு’.

நிலாருக்கு ஒன்பது வயது. கன்னத்தில் இரண்டு வட்டமாகத் தனகா மரப்பட்டைச் சாந்து பூசி, இரட்டைப் பின்னலோடு, வளர்ப்புத் தாய் அம்சவேணியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அம்சவேணி நல்ல மனுஷி. ஆனால் அடுத்த வாரம் சிங்கப்பூருக்கு, மகள் வீட்டோடு போகிறார். நிலாரை எடுத்துக்கொள்ள இங்கே வேறு வீடு கிடைக்கவில்லை. மாண்டலே பக்கம் ஒரு பெரிய குழந்தைகள் இல்லத்தில் இடம் இருக்கிறதாம். சனிக்கிழமை வண்டி வரும். ‘சரி’ என்று சொல்லத்தான் மூன்று மணிக் கூட்டம்.

நான் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, என் பிரசித்தி பெற்ற கதையை எடுத்துவிட்டேன். தண்டவாளத்தில் யானை நின்றதையும், நான் லோன்ஜியை அவிழ்த்து வீசி மாண்டலே எக்ஸ்பிரஸை நிறுத்தியதையும், எஞ்சின் என் மூக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றதையும் சொன்னேன்.

“சிவப்பு லோன்ஜி! அதனாலதான் டிரைவருக்குத் தெரிஞ்சுது!”

“போன தடவை பச்சைன்னீங்க,” என்றாள் நிலார்.

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். “பார்த்தீங்களா, எப்படிப் பேசுறா?” என்று பதினொரு பேரையும் பார்த்துக் கேட்டேன். நாலு மாதத்தில் அவள் என்னிடம் பேசியது எல்லாமே அந்த மாதிரித் திருத்தங்கள்தான் என்பது அந்த நிமிஷம் எனக்கு உறைக்கவில்லை. அறிக்கையில் ‘நிலார் என்னோடு அருவி மாதிரிப் பேசுகிறாள்’ என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

கரண்டு போயிற்று. ஜெனரேட்டரைக் கிளப்பப் போனார்கள். நான் எதிர்க் கடைக்குப் போய் எல்லோருக்கும் தேநீர் சொல்லி, தட்டை நானே தூக்கிக்கொண்டு திரும்பினேன். சயாமா அதற்குள் எல்லோரையும் இரண்டு இரண்டு பேராகப் பிரித்துப் பழக விட்டிருந்தார். முரளிதரனின் பங்குக்கு நிலார்.

பின்பக்க ஜன்னல் ஓரம் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. இருவரும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உள்ளூர ஒரு குஷி. ‘வாயைத் திறக்கத் தெரியாதவன் என்ன பண்ணுகிறான் பார்ப்போம்’ என்று தட்டோடு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

தேநீரில் ஆடை படிந்தது. பிறகு முரளி சொன்னான்:

“எனக்கு ரெண்டு பேரு. கிடங்குல ஊ சோ வின். வீட்ல முரளிதரன்.”

அவ்வளவுதான். கேள்விகூட இல்லை. மறுபடி மழைப் பக்கம் திரும்பிவிட்டான்.

“எனக்கும் ரெண்டு,” என்றாள் நிலார். “நிலார்னு ஸ்கூல்ல போட்டது. வீட்ல சத்யபாமா.”

“ம்.”

“அத்தை மட்டும் பாமான்னு கூப்பிடும். த்வாண்டேல சட்டி செய்யும். எனக்கு ஒரு கூஜா செஞ்சு எடுத்தாறேன்னு சொல்லிச்சு. அதுக்குள்ள அம்மாவும் செத்துப் போச்சு. நான் எங்க இருக்கேன்னு அத்தைக்குத் தெரியாது.”

தட்டைச் சட்டென்று தரையில் வைத்தேன். பதினொரு கிளாஸும் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன.

*

நான் யாங்கோன் ரயில் நிலையத்தில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்தவன். அந்த வேலையின் சூட்சுமம், தலையைத் தூக்காமல் ‘இல்லை’ என்று சொல்வது. வண்டி இருக்கா? இல்லை. சீட்டு இருக்கா? இல்லை. தலையைத் தூக்கினால் எதிரில் இருப்பவரின் முகம் தெரியும். முகம் தெரிந்தால் வரிசை நகராது.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு நாள் சயாமா வார்டு அலுவலகத்துக்குப் போனபோது, ஒரு மணி நேரம் மேஜையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மேஜையும் நாற்காலியும் பதிவேடும் கிடைத்ததும் எனக்குப் பழைய மிடுக்கு திரும்பிவிட்டது. அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். மழையில் நனைந்திருந்தாள். மேஜை விளிம்பைப் பிடித்திருந்த விரல்களின் நகக் கண்களில் களிமண்.

“ஐயா, இங்க சத்யபாமான்னு ஒரு பொண்ணு இருக்காளா? எங்கண்ணன் மக. நான் த்வாண்டேல இருந்து வர்றேன்.”

பதிவேட்டைத் திறந்தேன். பதினேழு பெயர். பதினேழும் பர்மியப் பெயர். விரலை மேலிருந்து கீழே ஓட்டினேன்.

இந்த ஊரில் நம்மவர் வீட்டில் ஒற்றைப் பெயரோடு ஒரு பிள்ளை உண்டா? பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, அடுப்படிக்கு ஒன்று. ரயில்வேயில் நானே ஊ நே லின். என் பிள்ளைகள் இருவருக்கும் இரண்டிரண்டு. எங்கள் தெரு நாய்க்கே இரண்டு பெயர். தமிழில் கூப்பிட்டால்தான் வரும். ‘பள்ளிக்கூடத்துப் பேரு என்னம்மா? என்ன வயசு?’ என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? நாலு மாதமாகப் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையிடம் ‘உன்னை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள்’ என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்?

நான் கேட்கவில்லை. தலையைத் தூக்காமல் சொன்னேன்:

“சத்யபாமாவும் இல்ல, ருக்மணியும் இல்லம்மா. கிருஷ்ணன் மட்டும் தனியா உக்காந்திருக்கேன்.”

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“யாபாடே ஐயா,” என்றாள். பரவாயில்லை என்று இந்த ஊரில் எல்லோரும் சொல்வதுதான். துணிப்பையிலிருந்து ஒரு மண் கூஜாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். “வேற எந்தப் பிள்ளைக்காவது குடுத்துருங்க.”

படியில் இறங்கும்போது இன்னொன்றும் சொன்னாள். அதை இந்த இடத்தில் எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. கொஞ்சம் பொறுங்கள்.

கூஜாவை நான் எந்தப் பிள்ளைக்கும் கொடுக்கவில்லை. அழகாக இருந்தது. வீட்டுக்கு எடுத்துப்போனேன், ஐந்து குயவர்களையும் கூடவே அழைத்துப்போனேன். மறுநாள் நிலாரின் அறிக்கையில், ‘உறவினர் யாரும் இதுவரை தேடி வரவில்லை’ என்று எழுதி, கையெழுத்துக்குக் கீழே இரண்டு கோடு இழுத்தேன். எப்போதும் ஒரு கோடுதான். அன்றைக்கு உற்சாகம்.

*

பதினொன்றரைக்குப் புஷ்பலதா எலுமிச்சம் சோறும் உருளைக்கிழங்குக் கறியுமாக இரண்டு பெரிய தூக்கோடு வந்து இறங்கினாள். பதினொரு பேருக்குச் சாப்பாடு என்று அன்று காலை ஒன்பது மணிக்குப் போனில்தான் தெரிந்துகொண்டவள். முகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

கொல்லைப்பக்கம் தண்ணீர்த் தொட்டியருகே அவளை அழைத்துப்போனேன்.

“லதா, அந்த உப்புச் சட்டி…”

“உடைச்சிட்டீங்களா?”

“இல்ல. திருடிட்டேன்.”

“சரி. கூட எத்தனை திருடங்க வந்தாங்க?”

வழக்கமான சரக்கு என்று நினைத்துவிட்டாள். நான் சிரிக்காததைப் பார்த்துத் தூக்கைக் கீழே வைத்தாள். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், படியில் அந்தப் பெண் சொன்ன கடைசி வாக்கியத்தைத் தவிர. என் பொய்களைக் கேட்டுக் கேட்டுச் சலித்த அந்த முகம், உண்மையைக் கேட்டபோது வேறு யாருடையதோ மாதிரி ஆகிவிட்டது.

“அந்தப் பிள்ளைக்குன்னு செஞ்ச பாத்திரத்துலயா நான் மூணு வாரமா கையை விட்டு உப்பு எடுத்தேன்?”

“எனக்குத் தெரியாது லதா, அது நிலார்னு…”

“தெரியாதது அது ஒண்ணுதான். வேற பிள்ளைக்குக் குடுக்கச் சொன்னது தெரியுமில்ல?”

என் விசாரணை ஜன்னல் மூடியிருந்தது.

“நாளைக்கே த்வாண்டே போய்த் தேடிக் கொண்டாந்துடுறேன்.”

“கூட்டம் மூணு மணிக்கு.”

“சயாமாகிட்ட தனியா சொல்லிடவா?”

“எல்லார் முன்னாடியும் உங்க ரிப்போர்ட்டைத்தானே படிப்பாங்க? பொய் மட்டும் சபையில, நிஜம் தனியாவா?”

“பதினொரு பேர் இருக்காங்க லதா. நான் கூட்டிட்டு வந்தவங்க.”

“நாளைக்கு நீங்களே முந்நூறு பேர்னு சொல்லுவீங்க. இன்னைக்குப் பதினொரு பேர் முன்னாடி வாய் வராதா?”

குடையை விரித்தாள்.

“எங்க போறே?”

“உப்பைக் கொட்ட,” என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

*

மூன்று மணி. முன்னால் சயாமாவும் சங்கத்து உறுப்பினர்கள் இருவரும். பக்கவாட்டில் அம்சவேணி, நிலார். கூட்டம் எப்படி நடக்கும் என்று பார்த்துப் பழகுவதற்காக என் பதினொரு பேரும் பின்வரிசையில், வயிறு நிறைந்து, என்னைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சயாமா என் அறிக்கையைப் படித்தார். அருவி வந்தது. ‘உறவினர் யாரும் தேடி வரவில்லை’ வந்தது. எனக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிடலாமா என்று யோசனை. அந்த வித்தையில் நான் தேர்ந்தவன். இரண்டு கல்யாணத்திலும் ஒரு யூனியன் தேர்தலிலும் அப்படித் தப்பித்திருக்கிறேன்.

“பிள்ளை சார்பா யாராவது சொல்லணுமா?”

நான் நெஞ்சைப் பிடிப்பதற்குள் பின்வரிசையில் முக்காலி நகர்ந்தது. முரளிதரன் எழுந்தான்.

“இந்தப் பிள்ளைக்குத் த்வாண்டேல அத்தை இருக்கு. வீட்டுப் பேரு சத்யபாமா.” உட்கார்ந்துவிட்டான்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு மூச்சு திரும்பியது. தப்பித்தேன்! அத்தை இருப்பது வெளியே வந்துவிட்டது. இனி தேடுவார்கள், கண்டுபிடிப்பார்கள். நான் துரத்தியது யாருக்கும் தெரியப்போவதில்லை. முரளியின் காலில் விழலாம்போல இருந்தது.

சயாமா பேனாவை மேஜைமேல் தட்டிக்கொண்டு யோசித்தார்.

“அத்தை இருக்காங்க, சரி. பிள்ளை நம்மகிட்ட வந்து ஒரு வருஷமாச்சு. தேடி வரலையே. வேணும்னா வந்திருப்பாங்க இல்ல?”

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். அதில் ஒருவர், “ஏழைப்பட்டவங்க. அவங்களுக்கும் பாரம்தான்” என்றார், இரக்கத்தோடு.

நிலார் கழற்றி வைத்திருந்த இரண்டு செருப்பையும் கால் விரலால் இழுத்து, முக்காலிக்கு அடியில், யார் கண்ணிலும் படாத இடத்துக்குத் தள்ளினாள். அவ்வளவுதான் செய்தாள். அந்தப் பிள்ளை அத்தைக்கு வேண்டாதவள் என்று நாங்கள் அப்போதுதான் அவள் முன்னாலேயே எழுதிக்கொண்டிருந்தோம். எழுதிய பேனா என்னுடையது.

எழுந்தேன்.

“வந்தாங்க,” என்றேன்.

என் குரல் ரயில் நிலையத்தின் ஆறு நடைமேடைக்கும் கேட்கும் என்று பீற்றிக்கொள்வேன். அன்று முன்வரிசைக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

“வந்தாங்க. மூணு வாரத்துக்கு முன்னால. நான்தான் மேஜையில இருந்தேன். சத்யபாமான்னு யாரும் இல்லைன்னு சொல்லி அனுப்பினேன். கிண்டலா வேற சொன்னேன். பிள்ளைக்குன்னு கொண்டாந்த கூஜாவை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன்.”



“ரிப்போர்ட்ல எழுதினது?” என்று கேட்டார் சயாமா. தமிழில்.

“பொய்.”

“அருவி மாதிரிப் பேசுறாள்?”

“அதுவும் பொய். அருவி நான்தான்.”

கணேஷ்குமார் எழுந்தார். “நல்ல இடத்துக்குத்தான் கூட்டிட்டு வந்தே” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவர் பின்னால் மூன்று பேர். மொத்தம் நான்கு பேர். இந்த ஒரு எண்ணிக்கையில் நான் ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

சயாமா என் முன்னால் இருந்த நிலாரின் கோப்பை எடுத்து மூடினார்.

“இனிமே நிலாருக்காக நீங்க பேச வேண்டாம். ஊ முரளி பேசட்டும்.” பிறகு உறுப்பினர்களைப் பார்த்து, “சனிக்கிழமை வரைக்கும் இல்லத்துக்குப் பேரைக் குடுக்க வேண்டாம். அதுக்குள்ள அத்தை கிடைச்சா பார்ப்போம். கிடைக்கலைன்னா வண்டி” என்றார்.

நியாயமான தீர்ப்பு. எனக்கு அதில் குறை சொல்ல ஒரு சொல்கூட இல்லை. அது எனக்குப் பழக்கமில்லாத நிலை.

பீர் முகைதீன் பாய் குடையோடு எழுந்தார்.

“பாய், நீங்களுமா?”

“எங்கப்பா போறேன்? அந்தக் கூஜாவைக் கொண்டா. முப்பத்தஞ்சு வருஷம் த்வாண்டேல இருந்து சட்டி இறக்கினவன். மண்ணைப் பார்த்தா எந்தச் சூளைன்னு சொல்லுவேன்.”

“நிஜமாவா?”

“நான் என்ன நல்லையாவா?”

அவர் அதைச் சொல்லி முடிக்கும்போது வாசலில் புஷ்பலதா நின்றிருந்தாள். சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. கூஜாவைக் கழுவி, வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். நேராகப் போய் நிலாரின் மடியில் வைத்தாள்.

நிலார் துணியைப் பிரித்தாள். கூஜாவைத் தலைகீழாகத் திருப்பினாள். கைப்பிடி வந்து ஒட்டுகிற இடத்தில், ஈர மண்ணில் கட்டைவிரல் அழுத்திய பள்ளம் ஒன்று இருந்தது. மூன்று வாரமாக எங்கள் வீட்டில் யாரும் அதைப் பார்க்கவில்லை. அதில் தன் கட்டைவிரலை வைத்தாள். பள்ளம் பெரிதாக இருந்தது.

“அத்தை இங்கதான் அமுக்கும்,” என்றாள் முரளியிடம்.

விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். “உப்பு கரிக்குது.”

புஷ்பலதா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

பாய் கூஜாவை வாங்கி நகத்தால் சுண்டினார், முகர்ந்தார். “கால்வாய்க் கரை மண்ணு. படித்துறை தாண்டி மேற்கே மூணு சூளை இருக்கு. அதுல ஒண்ணு. போய்க் கேட்டா ஆளைக் காட்டுவாங்க.”

“மன்னிச்சிடும்மா,” என்றேன் நிலாரிடம். அவள் யாபாடே என்று சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள்.

“அத்தை வேற என்ன சொல்லிச்சு?”

என் நாக்கு நுனியில் வந்து நின்றன, எத்தனையோ பொய்கள். அத்தை அழுதாள், திரும்பி வருவேன் என்று சத்தியம் செய்தாள், உனக்குப் பட்டுப் பாவாடை தைத்து வைத்திருக்கிறாள். எல்லாமே நன்றாக இருந்தன. ஒவ்வொன்றும் அந்தப் பிள்ளையை ஒரு ராத்திரி தூங்கவைக்கும்.

மனைவியிடம் சொல்லாததை, சபையில் சொல்லாததை, உங்களிடமும் இதுவரை சொல்லாததை, அவளிடம் சொன்னேன்.

“படியில நின்னு சொன்னாங்க. ‘இந்த மாசம் முடியிறதுக்குள்ள பிள்ளை கிடைக்கலைன்னா தாய்லாந்துப் பக்கம் வேலைக்குப் போயிருவேன். இனிமே இங்க எனக்கு யார் இருக்கா’ன்னு சொன்னாங்க.”

அப்படியே. நாலு மாதத்தில் முதல் தடவை.

“அட பாவி மனுஷா!” என்றாள் புஷ்பலதா. நாற்பது வருஷத்தில் அவள் என்னை அப்படி அழைத்ததில்லை.

நிலார் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். ஜூன் மாதத்தில் கட்டம் மீதி இல்லை. சயாமாவும் பார்த்தார், பார்த்துக்கொண்டே கைப்பையை எடுத்தார். முரளிதரன் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டான்.

நிலார் முக்காலிக்கு அடியில் கால் விட்டு, தள்ளி வைத்திருந்த செருப்பை வெளியே இழுத்தாள்.

“கடைசிப் படகு எத்தனை மணிக்கு?” என்று என்னிடம் கேட்டாள்.

முப்பத்தொரு வருஷம் என்னிடம் ஊரே கேட்ட கேள்வி. தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தேன். மண்டபத்துக் கடிகாரம் நாலே முக்கால் காட்டியது.

“அக்கரையில த்வாண்டே பஸ்ஸைப் பிடிக்கணும்னா ஆறு மணிப் படகு,” என்றேன். “இருக்கு.”